சேற்றில் சிக்கிய இரும்பு யானைகள்!

பழனிசெட்டிபட்டி அணைக்கட்டு வாய்க்காலில் முல்லைப் பெரியாற்று நீர் பாய்ந்து, வயல் தொளியாகக் கிடக்கும்போது யாராவது பார வண்டியை உள்ளே ஓட்டுவார்களா? ஓட்டினால் அச்சு வரை இறங்கிவிடும். கம்பம் பள்ளத்தாக்கில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த இந்த உண்மைதான், 1965-ல் ஒரு பெரும் டாங்கிப் போரில் இந்தியாவுக்குக் கை கொடுத்தது.

புலியின் கதை

கனத்த கவசமும் பெரிய பீரங்கியும் இருந்தால் வெற்றி நிச்சயம் என்று இரண்டாவது உலக யுத்தத்தில் ஜெர்மனி நம்பியது. அதன் 'டைகர்' டாங்கியின் எடை 57 டன். பீரங்கி 88 மில்லி மீட்டர். வெட்டவெளியில் அதை எதிர்த்த டாங்கிகள் தூரத்திலேயே தீப்பற்றி எரிந்தன. ஆனால் 1942-ல் லெனின்கிராடு அருகே முதன்முதலாகக் களம் இறங்கியபோதே, சதுப்பு நிலம் அதன் காலைப் பிடித்துக்கொண்டது. பின்னரும் எஞ்சின் கோளாறாலும் பெட்ரோல் பஞ்சத்தாலும் நின்றுபோன டைகர்கள் பல. அவற்றை ஜெர்மன் வீரர்களே வெடி வைத்துத் தகர்த்துவிட்டு நடந்தார்கள்!

கரும்புக் காட்டில் பொறி

1965 செப்டம்பரில் பாகிஸ்தானின் முதல் கவசப் படைப் பிரிவு, அமெரிக்கப் 'பாட்டன்' டாங்கிகளோடு பஞ்சாபின் கேம்கரன் பகுதியில் புகுந்தது. அதன் குறி, பியாஸ் நதிப் பாலம். அது பறிபோனால் அமிர்தசரஸ் துண்டிக்கப்பட்டுவிடும்!

மேஜர் ஜெனரல் குர்பக்ஷ் சிங்கின் 4-வது மலைப் படைப் பிரிவு, அசல் உத்தர் கிராமத்தருகே பின்வாங்கி நின்றது. பிரிகேடியர் தியோகராஜின் டாங்கிகள் கரும்புக் காட்டில் குதிரை லாட வடிவில் பதுங்கின. வாய்க்கால்களை உடைத்து வயல்களில் நீரைப் பாய்ச்சினார்கள். பாட்டன்கள் நுழைந்தன, சேற்றில் திணறின, மூன்று பக்கமும் குண்டு மழை!

ஜீப்பில் ஒரு வீரர்

ஹவில்தார் அப்துல் ஹமீது, ஜீப்பில் பொருத்திய பீரங்கியைக் கொண்டே பாட்டன்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தகர்த்தார். செப்டம்பர் 10-ம் தேதி வீர மரணம் எய்தினார். பரம் வீர் சக்கரம் அவரது குடும்பத்துக்கு அளிக்கப்பட்டது.

மூன்று நாளில் பாகிஸ்தான் இழந்த டாங்கிகள் 97 என்பது இந்தியத் தரப்புக் கணக்கு. பிடிபட்டவற்றை நிறுத்திவைத்த இடத்துக்கே 'பாட்டன் நகர்' என்று பெயர் வந்தது.

ஆவடியின் அர்ஜுன்

சென்னையை அடுத்த ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. அங்கே உருவான அர்ஜுன் டாங்கியும் டைகரைப் போலவே கனமானதுதான். ஆனால் கனம் மட்டும் வெற்றி தராது. இறங்கும் மண்ணை அறிந்திருக்க வேண்டும். அசல் உத்தர் என்றால் 'சரியான பதில்' என்று பொருள் கொள்ளலாம். அந்தப் பதிலைச் சொன்னதில் வீரர்களோடு வயலுக்கும் பங்கு உண்டு.