முதிர்ந்த ஓக் காட்டைப் பரிசோதிக்கும் முறை

கோடரி படாமல் விட்டுவிட்டால் காடு என்றும் அப்படியே நிலைத்திருக்கும் என்பது பொதுவான அபிப்பிராயம். அது முற்றும் சரியன்று என்பதை அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாகாணத்திலுள்ள ஒரு சிறு காடு விளக்குகிறது. ஈஸ்ட் மில்ஸ்டோன் என்னும் ஊரருகே சுமார் 65 ஏக்கர் விஸ்தீரணமுள்ள இக்காடு, 1701 முதல் டச்சுக் குடியானவர் குடும்பம் ஒன்றின் வசமிருந்து, 1955-ல் ரட்கர்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்தது. ஹட்சிஸன் ஞாபகார்த்தக் காடு என்பது இதன் பெயர். அக்கம்பக்கத்து நிலங்கள் உழவுக்கு வந்தபோதிலும் இங்குள்ள ஓக் மரங்கள் மட்டும் வெட்டப்படாமல் நின்றன.

இத்தகைய காட்டைப் பரிசோதிப்பதில் இரண்டு வேலைகள் உண்டு. முதலாவது, இப்போதுள்ள தாவரங்களைக் கணக்கெடுத்தல். காடு முழுவதையும் எண்ணுவது அசாத்தியமாதலால், பல இடங்களில் சம அளவுள்ள சதுரங்களை அளந்து முளை அடிக்க வேண்டும். ஒவ்வொரு சதுரத்திலும் முதுமரங்களின் இனத்தையும், நாலரை அடி உயரத்தில் அவற்றின் சுற்றளவையும் குறிக்க வேண்டும். அதனுள் சிறிய சதுரமொன்றில் இளமரங்களையும், அதனினும் சிறியதில் கன்றுகளையும் புல்பூண்டுகளையும் எண்ண வேண்டும். இம்மூன்றையும் தனித்தனிப் பத்தியில் எழுதுவது மிக முக்கியம். முளைகளைப் பிடுங்காமல் விட்டால், பின்னொரு காலத்தில் அதே இடத்தை மீண்டும் எண்ணி ஒப்பிடலாம்.

இரண்டாவது, காட்டின் பூர்வ சரித்திரத்தை அறிதல். குறுக்கே அறுத்த மரத்தில் ஆண்டுக்கு ஒரு வளையம் காணப்படும். தீயினால் பட்டை கருகிய இடத்தைப் புது மரம் மூடி வளர்வதால், அவ்வடு உள்ளே மறைந்து நிற்கும். பட்டையிலிருந்து உள்நோக்கி வளையங்களை எண்ணினால் தீப்பற்றிய ஆண்டு வெளிப்படும். வளையங்கள் திடீரென அகன்றிருந்தால், பக்கத்து மரம் விழுந்து வெளிச்சம் கிடைத்தது என ஊகிக்கலாம். வேரோடு சாய்ந்த மரங்கள் பள்ளமும் மேடும் விட்டுச் செல்லும்; பல மரங்கள் ஒரே திசையில் கிடந்தால் அது புயலின் செயலாகும்.

1950-ஆம் ஆண்டுப் புயலில் இக்காட்டின் பழைய ஓக் மரங்கள் பல வீழ்ந்தன. அவற்றின் வளையங்களைப் பரிசீலித்ததில், 1641 முதல் 1711 வரை ஏறக்குறையப் பத்தாண்டுக்கொரு முறை தீ பரவியது தெரியவந்தது. அதன்பின் தீ வடு இல்லை.

இரண்டு கணக்குகளையும் சேர்த்துப் பார்த்தால் காரணம் விளங்கும். ஓக் மரத்தின் பட்டை தடித்தது. கன்று எரிந்தாலும் வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். மேப்பிள் மரத்தின் பட்டை மெல்லியது, தீயைத் தாங்காது. தீ நின்றபின் நிழலில் வளரவல்ல மேப்பிள் பெருகியது. வெளிச்சம் வேண்டிய ஓக் கன்றுகள் நலிந்தன. எஞ்சியவற்றை மான்கள் மேய்ந்தன. மரம் விழுந்த வெளிகளில், நம்நாட்டுப் பெருமரத்திற்கு இனமான சீன மரமும் புகுந்தது. ஆகவே மேலே ஓக் மரங்கள் ஓங்கி நின்றும், அவற்றின் இடத்தைப் பெற வாரிசுகள் போதவில்லை.

காட்டுக்குத் தீயிட வேண்டும் என்று இதனால் கொள்ளலாகாது. தோப்போ காடோ உடையவர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் முதுமரம், இளமரம், கன்று என்னும் மூன்று பத்திகளையும் எழுதிப் பார்க்க வேண்டும். முதற்பத்தியில் உள்ள மரத்தின் பெயர் மூன்றாம் பத்தியில் இல்லையெனில், அத்தோப்பு இன்று செழிப்பாகத் தோன்றினும் குறைவுபடத் தொடங்கிவிட்டது என்றே அறிய வேண்டும். முதுமரங்கள் நிற்கும்போதே கால்நடைகளைத் தடுத்து, நிழலைக் குறைத்து, கன்று நடுதல் நலம்.