பழைய கணினி வைஃபையோடு பேச மறுப்பது ஏன்?

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி வேண்டும். அது இல்லாத பழைய கணினிகள் முறைப்படி அதற்கு மாற முடியாது. இப்படிக் கழித்துவிடப்படும் கணினிகளில் பல இன்னும் நன்றாக ஓடக்கூடியவை.

அப்படியொரு மடிக்கணினி ஜாசினிலோ அலோர் காஜாவிலோ உள்ள ஒரு தோட்ட வீட்டிற்கு வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். திரை ஒளிர்கிறது, விசைப்பலகை வேலை செய்கிறது. ஆனால் வைஃபை மட்டும் கிடைக்கவில்லை. உடனே வீட்டில், "இது கெட்டுப்போய்விட்டது, தூக்கிப் போடு" என்பார்கள். எஸ்பிஎம் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்குப் பயன்படவேண்டிய கணினி பழைய சாமான் கடைக்குப் போய்விடும்.

மாணவர்களே, சற்றுப் பொறுங்கள். வைஃபை கிடைக்காத கணினி பெரும்பாலும் கெட்டுப்போன கணினி அன்று. கணினியும் ரூட்டரும் மூன்று விஷயங்களில் ஒத்துப்போனால்தான் இணைப்பு உண்டாகும்: அலை, இயக்கி, பூட்டு. எதில் தடை என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அலை ஒத்துப்போகிறதா?

வைஃபை என்பது வானொலியைப் போன்ற மின்காந்த அலைதான். ஒளியின் வேகத்தை அலைவெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 6 சென்டிமீட்டர்.

1999இல் வந்த 802.11பி தரமும் 2003இல் வந்த 802.11ஜி தரமும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசும். ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் திறந்திருந்தால் இந்தப் பழைய கணினிக்கு அந்த இணைப்பின் பெயர்கூடத் தெரியாது. ரூட்டர் அமைப்பில் 2.4 கிகாஹெர்ட்ஸையும் திறந்துவிட்டால் போதும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை சிறு சிறு அலைவரிசைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்பட்ட கணினிகள் 1 முதல் 11 வரை மட்டுமே பார்க்கும். நம் நாட்டு ரூட்டர் 12 அல்லது 13இல் இயங்கினால் அவை திகைத்து நிற்கும். ரூட்டரை 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றுக்கு மாற்றுங்கள்.

மடிக்கணினியின் உணர்கம்பி பெரும்பாலும் திரையின் ஓரத்தில் இருக்கும். அங்கிருந்து மெல்லிய கம்பிகள் கீல் வழியாக உள்ளே உள்ள வைஃபை அட்டைக்கு வரும். யாரோ ஒருமுறை பிரித்துப் பூட்டிய கணினியில் இந்தக் கம்பிகள் கழன்றிருக்கலாம். அப்போது ரூட்டரின் பக்கத்தில் மட்டும் இணைப்பு கிடைக்கும்; இரண்டடி நகர்ந்தால் போய்விடும். பல பழைய மடிக்கணினிகளின் ஓரத்தில் வைஃபைக்கென்று ஒரு சிறு சுவிட்சும் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள்!

தகரக் கூரையும் தகரத் தடுப்பும் அலையைத் தடுத்துத் திருப்பி அனுப்பும். செம்பனை ஓலைகளில் உள்ள நீர் அலையை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் தோட்ட வீடுகளில் ரூட்டரைத் தகரத்தை விட்டு விலக்கி, சன்னல் பக்கம் உயரமாக வைப்பது நல்ல பலன் தரும்.

இயக்கி இருக்கிறதா?

வைஃபை அட்டையும் இயங்குதளமும் ஒன்றையொன்று புரிந்துகொள்ள, இயக்கி என்ற மென்பொருள் வேண்டும். அது மொழிபெயர்ப்பாளர் போன்றது. பல அட்டைகளுக்கு இன்னொன்றும் தேவை. கணினியை முடுக்கும் ஒவ்வொரு முறையும் அட்டைக்குள் ஏற்றப்படும் அந்தச் சிறு நிரலுக்கு நிலைபொருள் என்று பெயர்.

பழைய கணினிக்கு உயிர் கொடுக்கப் பலரும் நாடுவது லினக்ஸ். 1991இல் பின்லாந்தில் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது அது. பல மடிக்கணினிகளில் பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சில்லுகள் இருந்தன. அவை எப்படி இயங்குகின்றன என்ற விவரத்தை நிறுவனம் அப்போது வெளியிடவில்லை. ஆர்வலர்கள் இரண்டு குழுவாகப் பிரிந்தார்கள். ஒரு குழு ஏற்கெனவே இருந்த இயக்கியை ஆராய்ந்து, சில்லு எப்படி நடந்துகொள்கிறது என்று எழுதி வைத்தது. மற்றக் குழு பழைய நிரலைப் பார்க்காமல், அந்தக் குறிப்பை மட்டும் வைத்துப் புதிய இயக்கியை எழுதியது. யாருடைய நிரலையும் நகலெடுக்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு. 2006 ஜூனில் அந்த இயக்கி லினக்ஸோடு சேர்ந்தது. 2010 செப்டம்பரில் பிராட்காம் நிறுவனமே தன் புதிய சில்லுகள் சிலவற்றுக்குத் திறந்த மூல இயக்கியை வெளியிட்டது.

நிலைபொருளில் ஒரு வேடிக்கையான முட்டுக்கட்டை உண்டு. அதைப் பதிவிறக்க இணையம் வேண்டும். இணையம் வர அது வேண்டும்! இதற்கு வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்து, இணையத்தைப் பகிரும் வசதியை முடுக்குங்கள். கணினிக்கு இணையம் கிடைக்கும், நிலைபொருளை இறக்கிக்கொள்ளலாம். 2023இல் வந்த டெபியன் 12 தன் நிறுவல் கோப்பிலேயே இத்தகைய நிலைபொருள்களைச் சேர்த்துத் தருகிறது. 32 பிட் கணினிகளில் புதிதாக நிறுவ வழி தரும் கடைசி டெபியன் பதிப்பும் அதுவே.

பூட்டும் சாவியும்

பக்கத்து வீட்டார் உங்கள் இணையத்தில் நுழையாமல் காப்பது குறியாக்கம் என்னும் பூட்டு. 1997இல் முதல் வைஃபை தரத்தோடு வந்த டபிள்யுஇபி பூட்டின் பலவீனத்தை 2001இல் ஆய்வாளர்கள் அம்பலப்படுத்தினர். பிறகு 2003இல் டபிள்யுபிஏ, 2004இல் டபிள்யுபிஏ2, 2018இல் டபிள்யுபிஏ3 ஆகியவை வந்தன.

ரூட்டர் டபிள்யுபிஏ3ஐ மட்டும் கேட்டால் பழைய கணினி வெளியே நிற்கும். டபிள்யுபிஏ2, டபிள்யுபிஏ3 இரண்டையும் ஏற்கும் கலப்பு முறைக்கு மாற்றினால் சிக்கல் தீரும். ஆனால் ஒரு பழைய கணினிக்காக டபிள்யுஇபிக்கு மட்டும் இறங்கிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் அம்மாவின் கைப்பேசி உட்பட வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளும் உடைந்த பூட்டுக்குப் பின்னால் இருக்கும். 2014 ஏப்ரலில் ஆதரவு நின்றுபோன விண்டோஸ் எக்ஸ்பியோடு இணையத்தில் உலவுவதும் ஆபத்துதான்.

கடிகாரத்தையும் பாருங்கள்

சில நேரம் வைஃபை இணைந்துவிடும், ஆனால் இணையத்தளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டும். கணினியின் தேதியைப் பாருங்கள். பல ஆண்டுகள் பின்தங்கியிருக்கலாம். இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் தேதி தவறாக இருந்தால் எல்லாச் சான்றிதழும் செல்லாததாகத் தெரியும். தேதியைத் திருத்துங்கள். மறுநாளும் தவறினால், உள்ளே இருக்கும் நாணய வடிவ மின்கலம் தீர்ந்திருக்கலாம். பல கணினிகளில் அது சிஆர்2032 வகை. அதிக விலையில்லாமல் கடையில் கிடைக்கும்.

கணினியைத் திறப்பதற்கு முன் மின்சாரத்தைத் துண்டித்து, மின்கலத்தையும் கழற்றிவிடுங்கள். மின்கலம் உப்பியிருந்தால் தொடாமல் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

சுவிட்ச், அலை, இயக்கி, பூட்டு, கடிகாரம் எல்லாம் பார்த்தும் பயனில்லை என்றால், யுஎஸ்பி துளையில் செருகும் சிறிய வைஃபை கருவி ஒன்றை வாங்கலாம். உங்கள் இயங்குதளத்தில் அதற்கு இயக்கி உண்டா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கணினி உண்மையிலேயே செத்துப்போயிருந்தால் அதைக் குப்பையில் வீசாதீர்கள். செம்பனைக் காட்டின் ஓரத்தில் எரிக்கவும் வேண்டாம். மின்னணுக் கழிவில் ஈயம் போன்ற நச்சுப் பொருள்கள் இருப்பதால், நம் நாட்டின் 2005ஆம் ஆண்டு விதிமுறைகள் அதை எஸ்டபிள்யூ110 என்ற குறியீட்டில் தனிக் கவனம் வேண்டிய கழிவாக வகைப்படுத்தியுள்ளன. மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைப்பதே முறை. ஆனால் அந்த முடிவுக்கு வருமுன், மேலே சொன்ன ஐந்தையும் ஒருமுறை வரிசையாகச் சோதித்துவிடுங்கள்.