நிரந்தரவாச விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது வேலை மாறலாமா?

செம்பவாங், கேன்பரா வட்டாரங்களில் வாடகை வீடுகளில் இருக்கும் பல இளம் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த நிலைமை பழக்கமானதுதான். குடும்பமாக நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பித்தாயிற்று. ஆளுக்கு 100 வெள்ளி கட்டணமும் கட்டியாயிற்று. நிராகரிக்கப்பட்டாலும் அந்தப் பணம் திரும்ப வராது. ஆறு மாதத்தில் முடிவு தெரியும் என்பது பொதுவான கணக்கு. அதைத் தாண்டியும் இழுப்பதுண்டு. அந்த நேரம் பார்த்துக் கணவருக்குக் கூடுதல் சம்பளத்தில் வேறொரு வேலை வருகிறது.

“இப்போது மாறினால் பிஆர் கிடைக்காது” என்று நண்பர்கள் எச்சரிப்பார்கள். வேலை மாறினாலே விண்ணப்பம் செல்லாது என்று விதி எதுவும் இல்லை. குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையம் குடும்பப் பிணைப்பு, பொருளியல் பங்களிப்பு, கல்வித் தகுதி, வயது, இங்கு வாழ்ந்த காலம் எனப் பலவற்றையும் சேர்த்தே பார்க்கிறது. நிராகரித்தால் காரணம் சொல்வதும் இல்லை. ஆகவே இன்னாருக்கு வேலை மாறியதால்தான் கிடைக்கவில்லை என்பதெல்லாம் ஊகம்.

கவனிக்க வேண்டியது விண்ணப்பத்தைவிட, கையிலுள்ள வேலை அனுமதி அட்டையை. எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் இரண்டுமே குறிப்பிட்ட முதலாளிக்காகத் தரப்படுபவை. வேலையை விட்டதும் பழைய முதலாளி அட்டையை ரத்து செய்தாக வேண்டும். அதோடு மனைவி, பிள்ளைகளின் சார்ந்திருப்போர் அட்டையும், அதாவது எல்லாரும் டிபி என்று சொல்வதும், ரத்தாகிவிடும். வழக்கமாக 30 நாள் குறுகியகால வருகை அனுமதி கிடைக்கும். அந்த 30 நாளில் வேலை செய்ய முடியாது. இடையில் ஊருக்குப் போனால் அந்த அனுமதி அதோடு முடிந்துவிடும். வேலை அட்டையின் அடிப்படையில் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பித்தவர், அட்டையே இல்லாமல் முடிவுக்குக் காத்திருப்பது நல்ல நிலை அன்று.

செம்பவாங்குக்கு இது புதிய கதையும் அன்று. பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் தமிழர்களும் மலையாளிகளும் பெருமளவில் வேலை பார்த்தார்கள். தங்கும் குவார்ட்டர்ஸும் வேலையோடு வந்ததுதான். தளத்தை மூடிவிட்டுப் போகப்போவதாக 1968ல் பிரிட்டன் அறிவித்தபோது, வேலை போனால் வீடும் போகும் என்ற கவலை பல குடும்பங்களைப் பிடித்துக்கொண்டது.

இன்றைய குடும்பங்கள் பெரும்பாலும் தவறவிடுவது ஒரு கணக்கை. 2025 ஜனவரி முதல் எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி. நிதித்துறையில் 6,200 வெள்ளி. வயது கூடக்கூட இந்த வரம்பும் கூடும். ஆனால் மனைவி, பிள்ளைகளுக்கு டிபி எடுக்க நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளி வேண்டும். ஆகவே 5,800 வெள்ளி சம்பளத்தில் புதிய வேலைக்குப் போகும் இளைஞருக்கு அட்டை கிடைக்கலாம், குடும்பத்துக்குக் கிடைக்காது. மிகைநேர ஊதியமும் போனசும் சேர்த்து 7,000 வெள்ளி வருகிறதே என்று வாதாடிப் பயனில்லை. அவை நிலையான சம்பளத்தில் சேராது. புதிய வேலைக்கான கடிதம் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

பழைய நிறுவனத்தில் அட்டை கிடைத்ததால் புதிய நிறுவனத்திலும் கிடைத்துவிடும் என்றும் நினைக்கக் கூடாது. 2023 செப்டம்பர் முதல் புதிய எம்ப்ளாய்மென்ட் பாஸ் விண்ணப்பங்கள் ‘காம்பஸ்’ முறையில் 40 புள்ளிகள் பெற வேண்டும். விண்ணப்பிப்பவரின் சம்பளம், படிப்போடு, அந்த நிறுவனத்தில் எத்தனை உள்ளூர்வாசிகள் வேலை செய்கிறார்கள், ஒரே நாட்டவர் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதும் புள்ளிகளைத் தீர்மானிக்கும். அதனால், புதிய நிறுவனம் விண்ணப்பித்து, மனிதவள அமைச்சின் கொள்கையளவிலான ஒப்புதல் கைக்கு வந்தபிறகு பழைய வேலையில் விலகல் கடிதம் கொடுப்பதே பாதுகாப்பு. டிபிக்கும் புதிய முதலாளி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். மனிதவளப் பிரிவு தானாகவே செய்துவிடும் என்று இருந்துவிடாமல், எழுத்தில் கேட்டுவைப்பது நல்லது.

வேலை மாறுவது மனைவி என்றால் நிலைமை கொஞ்சம் வேறு. 2021 மே முதல் டிபியில் இருப்பவர் ஒப்புதல் கடிதத்தை வைத்து ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர முடியாது. சொந்த வேலை அட்டை வேண்டும். அப்படித் தனி அட்டை எடுத்திருப்பவர் வேலையை இழந்தாலும், கணவரின் நிலையான சம்பளம் 6,000 வெள்ளி இருந்தால் மீண்டும் டிபிக்கு விண்ணப்பிக்கலாம். ஒருவர் அட்டை போனால் இன்னொருவர் அட்டை தாங்கும் என்பதால், இருவரும் ஒரே மாதத்தில் வேலை மாறாமல் இருப்பது புத்திசாலித்தனம்.

சிங்கப்பூரரை மணந்து, நீண்டகால வருகை அட்டையில் இருந்துகொண்டு நிரந்தரவாசத்துக்குக் காத்திருப்பவரின் நிலை இவ்வளவு இறுக்கமானதல்ல. அவருடைய அட்டை திருமணத்தை ஒட்டியது. கணவர் வேறு நிறுவனத்துக்குப் போனதால் அது ரத்தாகாது. ஆயினும் கணவர் நெடுநாள் வேலையில்லாமல் இருந்தால், குடும்பத்தைத் தாங்க முடியுமா என்ற கேள்வி எழலாம்.

எந்த நிலையிலும் மாற்றத்தை ஆணையத்திடம் மறைப்பதில் லாபமில்லை. புதிய நியமனக் கடிதம், புதிய அட்டையின் நகல், கிடைத்தவுடன் சம்பளச் சீட்டு ஆகியவற்றை விண்ணப்ப எண்ணோடு ஆணையத்தின் இணையத்தளம் வழியாகத் தெரிவித்து, பதிலைப் பத்திரப்படுத்த வேண்டும். தெரிந்தே பொய்த் தகவல் தருவது குடிநுழைவுச் சட்டப்படி குற்றம்; 4,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

கடைசியாகக் கைச்செலவு விஷயம். வெளிநாட்டு ஊழியர் வேலையை விட்டால், சிங்கப்பூரிலேயே வேறு வேலைக்குப் போனாலும், முதலாளி வருமான வரித் தீர்வைக்கு ஐஆர்21 படிவம் அனுப்ப வேண்டும். தீர்வை முடியும்வரை கொடுக்கவேண்டிய பணத்தை நிறுத்தி வைப்பார். கடைசி மாதச் சம்பளம் தாமதமாகத்தான் வரும். அந்த மாத வீட்டு வாடகைக்கும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் முன்கூட்டியே பணம் ஒதுக்கிவைக்க வேண்டும்.