இயந்திரத்தைக் கண்காணிப்பவருக்கும் பாதுகாப்பு வேண்டும்

2018 மார்ச் 18, இரவு பத்து மணி வாக்கில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் டெம்பி நகரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த 49 வயதுப் பெண் மீது ஊபர் நிறுவனத்தின் தானியங்கிச் சோதனைக் கார் மோதியது. அவர் இறந்துபோனார். ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஊழியர் இருந்தார். கார் தானாக ஓடும். அது தவறினால் மட்டும் இவர் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும். மோதலுக்கு முந்தைய நொடிகளில் அவருடைய கவனம் செல்போனில் இருந்தது.

அது தவறுதான். ஆனால் அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை அதோடு நிற்கவில்லை. மோதலுக்கு 5.6 நொடிகள் முன்பே சென்சார்கள் அந்தப் பெண்ணைக் கண்டுவிட்டன. வாகனமா, வேறு பொருளா, சைக்கிளா என்று கார் மாற்றி மாற்றி அடையாளம் காட்டியதே தவிர, குறுக்கே நடந்து வரும் மனிதர் என்று அதற்குக் கடைசிவரை புரியவில்லை. காரில் ஏற்கெனவே இருந்த அவசரகால பிரேக் வசதியை, சோதனை ஓட்டத்தின்போது நிறுவனமே செயலிழக்கச் செய்திருந்தது. காருக்கு இரண்டு பேர் என்றிருந்த ஊழியர் எண்ணிக்கையையும் ஒன்றாகக் குறைத்திருந்தது. அதே பாதையில் அந்த ஊழியர் முன்பு 73 முறை போயிருக்கிறார்.

நிறுவனத்தின் மீது குற்றவழக்கு போட முகாந்திரம் இல்லை என்று 2019இல் அரசு வழக்கறிஞர் அலுவலகம் சொல்லிவிட்டது. வழக்கு ஊழியர் மீது பாய்ந்தது. 2023இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புக்கு உள்ளானார். பழியின் இந்தப் பங்கீடு நியாயமானது என்று என்னால் ஏற்க முடியவில்லை.

ஏனென்றால், எதுவும் நடக்காத சாலையையோ திரையையோ மணிக்கணக்கில் விழிப்போடு பார்ப்பது மனித மூளைக்கு ஆகாத காரியம். இரண்டாம் உலகப் போரில் ரேடார் பார்த்தவர்கள் இலக்குகளைத் தவறவிட்டதை அடுத்து, பிரிட்டனின் உளவியலாளர் நார்மன் மேக்வொர்த் இதைச் சோதித்தார். கடிகாரம் போன்ற ஒரு வட்டத்தில் முள் சீராகத் தாவிக்கொண்டிருக்கும். எப்போதாவது இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள்ளேயே பலர் கோட்டைவிடத் தொடங்கினார்கள். 1948இல் வெளியான முடிவு இது. ஆனாலும் பல கண்ட்ரோல் ரூம்களில் ஒருவரை எட்டு மணி நேரம் திரை முன் உட்காரவைக்கிறோம்.

இன்னொரு ஆபத்து கைப்பழக்கம் போய்விடுவது. போலந்தில் கொலோனோஸ்கோபி செய்யும் அனுபவமுள்ள மருத்துவர்களிடம் நடந்து 2025இல் வெளியான ஆய்வில், செயற்கை நுண்ணறிவின் துணை வருவதற்கு முன் 28.4 சதவீத பரிசோதனைகளில் புற்றாக மாறக்கூடிய கட்டிகளைக் கண்டுபிடித்தார்கள். அந்தத் துணைக்குப் பழகிய பிறகு, அது இல்லாமல் செய்த பரிசோதனைகளில் அந்த அளவு 22.4 சதவீதமாக இறங்கியிருந்தது. விமானிகள் இடையிடையே கையால் ஓட்டிப் பழக வாய்ப்புக் கொடுங்கள் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2013இலேயே நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியதும் இந்தக் கவலையால்தான்.

ஆகவே தானியங்கி லைனையோ, ஐ.சி.யூ. மானிட்டரையோ, கேமரா திரையையோ கவனிக்கும் வேலை உங்களுக்குத் தரப்பட்டால், சிலவற்றைத் தயங்காமல் கேளுங்கள். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுவார்கள்? இயந்திரம் நின்றால் கையால் இயக்க எப்போது பயிற்சி தருவார்கள்? எந்த அலாரத்தை யார் அணைத்து வைத்திருக்கிறார்கள்? ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பை வாய்மொழியாக மட்டும் ஒப்படைக்க வேண்டாம். களைத்த மூளையின் நினைவை நம்ப முடியாது. லாக் புத்தகத்தில் எழுதுங்கள்: “இரவு 2.10. மூன்றாம் லைன் சென்சார் தவறான அலாரம், இன்று ஆறாவது முறை. சூப்பர்வைசரிடம் சொல்லியாயிற்று.” அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அனுமதி இல்லையென்றால், நடந்ததைத் தேதியோடு கடிதமாகக் கொடுத்து நகலில் கையொப்பம் வாங்குங்கள். விபத்துக்குப் பிறகு “யாரும் சொல்லவில்லை” என்று நிர்வாகம் சொல்லும்போது உங்கள் கையில் இருப்பது அதுதான்.

இந்தியாவில் இதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 14ஆம் பிரிவுப்படி, பாதுகாப்பு பற்றிய தகவலை நிர்வாகத்திடம் கேட்டுப் பெறலாம். உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சினால் நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்கலாம். தமிழ்நாட்டில் தொழிற்சாலைகளுக்கு, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்தை அணுகலாம்.

வேலையில் காயம்பட்டால் “உன் கவனக்குறைவுதான் காரணம்” என்று சொல்லித் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். நம்பிவிடாதீர்கள். தொழிலாளர் இழப்பீட்டுக்கு முதலாளியின் தவறை நிரூபிக்கத் தேவையில்லை. போதையில் இருந்தது, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றியது போன்ற காரணங்களைக் காட்டித்தான் முதலாளி மறுக்க முடியும். மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் அவையும் செல்லாது. ஒரு கணம் கவனம் பிசகியது அந்தப் பட்டியலிலேயே இல்லை. இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் அதன் கிளை அலுவலகத்திலும், இல்லாதவர்கள் தொழிலாளர் துறையில் இழப்பீட்டுக்குப் பொறுப்பான அதிகாரியிடமும் கோரிக்கையைத் தரலாம்.