மறுக்கப்பட்ட கல்வி: கிழக்கு ஜெர்மனியில் சீடத்துவத்தின் விலை

மனந்திரும்புதலும் கீழ்ப்படிதலும் இல்லாமல் தேடப்படும் மன்னிப்பை 'மலிவான கிருபை' என்று 1937இல் கண்டித்த ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிச் போன்ஹோஃபர், 1945 ஏப்ரல் 9 அன்று நாஜி ஆட்சியால் தூக்கிலிடப்பட்டார். எனினும் சீடத்துவத்தின் விலை எல்லாக் காலத்திலும் உயிராகவே கேட்கப்படுவதில்லை என்பதை, 1949இல் பிறந்த கிழக்கு ஜெர்மனியின் வரலாறு காட்டுகிறது.

அந்நாட்டின் அரசியலமைப்பு வழிபாட்டுரிமையை ஏற்றிருந்தது. ஆனால் இறைமறுப்பைத் தழுவிய அரசு, விசுவாசிகளின் எதிர்காலத்தின்மீது கைவைத்தது. ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் வளர்ந்தபின் தம் விசுவாசத்தைத் தாமே அறிக்கையிடும் திடப்படுத்தல் ஆராதனைக்குப் போட்டியாக, பதினான்கு வயதினர் சோசலிசத்துக்கு உறுதிமொழி அளிக்கும் 'யூகெண்ட்வைஹே' என்னும் சடங்கை அரசு 1950களின் நடுவில் முன்னிறுத்தியது. அதை மறுத்தவர்கள் மேல்நிலைக் கல்வியையும் பல்கலைக்கழக இடத்தையும் இழக்க நேரிட்டதால், சில ஆண்டுகளுக்குள்ளேயே பெரும்பாலான குடும்பங்கள் பணிந்தன.

கட்டாய இராணுவச் சேவை 1962இல் வந்தபின், ஆயுதம் ஏந்த மறுத்தோருக்காக 1964இல் கட்டுமானப் படைப்பிரிவு அமைக்கப்பட்டது. தோள்பட்டையில் மண்வெட்டிச் சின்னம் அணிந்து பணியாற்றியவர்களில் பலருக்குப் பின்னர் உயர்கல்வி எட்டாமல் போயிற்று. அரசின் இளைஞர் அமைப்பில் சேராததால் மேல்நிலைப் படிப்பைத் தொடர முடியாமல் கொத்தனாரான ரைனர் எப்பல்மன், அப்பிரிவிலும் உறுதிமொழி எடுக்க மறுத்து எட்டு மாதம் சிறையிலிருந்தார். பிற்காலத்தில் போதகரான அவர், 1990இல் அந்நாட்டின் கடைசி அரசில் ஆயுதக் குறைப்பு, பாதுகாப்புத் துறை அமைச்சரானார்.

இத்தகைய மாற்றம் எல்லோருக்கும் வாய்க்கவில்லை. பெற்றோர் மனச்சாட்சியின்படி முடிவெடுக்க, அதன் விலையைப் பிள்ளைகள் செலுத்தியதே இவ்வரலாற்றின் மிகக் கடினமான பகுதி. ஆகவே பணிந்துபோனவர்களை விசுவாசமற்றவர்கள் என்று எளிதில் தீர்ப்பிடுவது நியாயமாகாது. உறுதியாக நின்றவர்களின் தியாகம் ஆலயங்களை நிரப்பிவிட்டது என்றும் சொல்ல இயலாது. ஜெர்மனி ஒன்றிணைந்த பின்னரும், எந்தச் சபையையும் சாராதவர்களே அப்பகுதியில் பெரும்பான்மையாக இருக்கின்றனர்.

அப்படியானால் சீடத்துவத்தை அதன் வெற்றியைக்கொண்டு அளக்க முடியாது. உள்ளத்தில் ஒன்றும் உதட்டில் ஒன்றுமாக வாழ மறுப்பதே அதன் பயன். அந்த மறுப்பு தனிமனிதரின் சுமையாகவே விடப்படக் கூடாது. அரசுப் பள்ளிகள் கைவிட்ட மாணவர்களுக்கு நவும்பர்க், பாட்ஸ்டாம் போன்ற நகரங்களில் திருச்சபை தானே கல்விக்கூடங்களை நடத்தியது. அங்கு பெற்ற சான்றிதழை அரசு ஏற்காவிட்டாலும், விசுவாசத்தின் விலையைப் பற்றிப் போதிக்கும் சபை அவ்விலையைச் செலுத்துவோருடன் சேர்ந்து சுமக்கக் கடமைப்பட்டது என்பதை அக்கூடங்கள் செயலில் உணர்த்தின.