உப்புத் தண்ணீரில் விழுந்த போன்

பிச்சாவரத்துக் கால்வாய்களில் படகு போகும்போது சில இடங்களில் இரு கரைக் கிளைகளும் தலைக்கு மேல் கூரையாக வளைந்து நிற்கும். அந்த இடம் வந்ததும் படகில் இருக்கிறவர்கள் எல்லோரும் போனைக் கையில் எடுப்பார்கள். ஒருவர் எழுந்து நிற்பார், படகு ஒரு பக்கம் சாயும், துடுப்புப் போடுகிறவர் "உட்காருங்க, உட்காருங்க" என்பார். அதற்குள் தண்ணீரில் 'பொளக்' என்று ஒரு சத்தம். ஆழமில்லாத இடமாக இருந்தால் சேற்றைத் துழாவி எடுத்துவிடலாம். எடுக்கும்போது திரை எரிந்துகொண்டிருப்பதும் உண்டு. அடுத்த சில நிமிடங்களில் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் போன் பிழைக்கும், அல்லது போகும்.

பெரும்பாலும் நடப்பது இது. சட்டையில் திரையைத் துடைப்பார்கள். வேலை செய்கிறதா என்று வீட்டுக்கு ஒரு கால் போட்டுப் பார்ப்பார்கள். 15 கிலோமீட்டர் தள்ளிச் சிதம்பரம் வந்ததும் சார்ஜரில் செருகுவார்கள். ஏதோ கோளாறு என்று தெரிந்த பிறகு அரிசி டப்பாவில் புதைப்பார்கள். இதில் துடைத்தது ஒன்றுதான் சரியான காரியம்.

போனைக் கொல்வது தண்ணீர் என்று நினைக்கிறோம். கொல்வது மூன்றும் சேர்ந்து: தண்ணீர், உப்பு, பேட்டரியின் மின்சாரம். வாலையில் வடித்த சுத்த நீர் மின்சாரத்தைக் கடத்துவதே அபூர்வம். கடல்நீரிலோ லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. கழிமுகத்தில் ஆற்றுநீர் கலந்து அது குறையலாம், ஆனாலும் மின்சாரம் ஓடத் தாராளமாகப் போதும். போனுக்குள் இருக்கும் லித்தியம் பேட்டரியின் அழுத்தம் சுமார் 3.7 வோல்ட். தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க 1.23 வோல்ட்டே அடிப்படைத் தேவை. ஆக, உப்புத் தண்ணீர் புகுந்த போன் என்பது பள்ளிக்கூட ஆய்வகத்தில் இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் விட்டுக் காட்டுவார்களே, அதே மின்னாற்பகுப்புச் சோதனை. சின்னதாக, மூடிய பெட்டிக்குள், நூறு இடங்களில் ஒரே நேரத்தில் நடக்கிறது.

அந்தச் சோதனையில் நேர்முனையில் இருக்கும் செம்பு கரையும். கரைந்த செம்பு தண்ணீர் வழியே எதிர்முனைக்குப் போய் அங்கே படியும், சில சமயம் பூஞ்சை இழை போலக் கிளைவிட்டு வளரும். போன் பலகையில், கடைக்காரர்கள் மொழியில் 'போர்டில்', பாகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி மயிரிழைக் கணக்கு. இப்போது பரவலாக வந்துவிட்ட டைப்-சி துளையை எடுத்துக்கொண்டால், அதற்குள் 24 முனைகள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் அரை மில்லிமீட்டர்தான் தூரம். சார்ஜர் செருகிய உடனே அவற்றில் சிலவற்றில் 5 வோல்ட் வந்து நிற்கிறது. ஒரு துளி உப்புத் தண்ணீர் அங்கே இருந்தால், ஒரு முனை கரைந்து கறுத்துப்போக நெடுநேரம் வேண்டியதில்லை. தங்கப் பூச்சு இருந்தாலும் அதன் நுண்துளைகள் வழியே கீழே இருக்கும் உலோகம் அரிக்கும்.

நனைந்து பழுதான போனைத் திறந்தால் அங்கங்கே பச்சை நிறத்தில் பொருக்கு தட்டியிருக்கும். செம்பும் உப்பிலிருந்து வந்த குளோரைடும் ஈரமும் காற்றும் சேர்ந்து உண்டாக்கிய பொருள் அது. இந்தப் பச்சையைத் தமிழ்நாட்டு அருங்காட்சியகங்கள் நன்றாக அறியும். மண்ணுக்குள் பல நூற்றாண்டு கிடந்து வெளியே வரும் செப்புத் திருமேனிகளில் வெளிர்பச்சைத் தூளாக உதிர்வதும் இதே குடும்பத்துப் பொருள்தான். அதற்கு 'வெண்கல நோய்' என்றே பெயர். உள்ளே குளோரைடு மிச்சம் இருக்கும்வரை, காற்றில் ஈரம் பட்டால் அது மறுபடி மறுபடி கிளம்பும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தொல்லியல் வேதியியலாளராக இருந்த எஸ். பரமசிவன் 1930களில் இதற்கு மின்னாற்பகுப்பாலேயே சிகிச்சை அளித்தார். சிலையை எதிர்முனையாக இணைத்துக் காரக் கரைசலில் வைத்து மின்சாரம் செலுத்தினால் குளோரைடு சிலையை விட்டுக் கரைசலுக்கு வந்துவிடும். போனைச் சாகடிக்கும் வேலையையே திசை மாற்றிச் செய்து சோழர் கால வெண்கலத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். இதைவிட அழகாக இந்த வேதியியலை விளக்கும் உதாரணம் கிடைப்பது கடினம்.

சரி, தண்ணீரைக் காயவைத்துவிட்டால் தீர்ந்ததா? ஆற்றுத் தண்ணீரென்றால் ஓரளவு தீரும். கடல் தண்ணீரென்றால் தீராது. மழைக்காலத்தில் அடுக்களையில் கல்லுப்பு ஜாடி தானாகத் தண்ணீர் விடுவதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்பார்கள். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கல்லுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதி ஈரம்கூட வேண்டாம். பிச்சாவரம் இருக்கும் கடலூர் மாவட்டத்தில் இரவு ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். அதனால் உள்ளே உப்பு தங்கிய போன், பகலில் காய்ந்தாலும் ராத்திரியில் மறுபடி நனையும். "விழுந்து பத்து நாள் நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு போயிடுச்சு" என்று சொல்கிறவர்களின் போனுக்கு நடந்தது இதுதான்.

எனவே செய்ய வேண்டிய முதல் காரியம் அணைப்பது. வேலை செய்கிறதா என்று பார்க்கவே கூடாது. அந்தக் காலத்துப் பட்டன் போன் என்றால் பின்மூடியைக் கழற்றிப் பேட்டரியை உருவிவிடலாம். உப்புத் தண்ணீரில் விழுந்த பட்டன் போனைப் பேட்டரி இல்லாத நிலையில் நல்ல தண்ணீரில் அலசுவதற்குத் தயங்கவும் வேண்டியதில்லை. உப்பு போக வேண்டும் என்பதுதான் கணக்கு. இதற்குக் கேன் தண்ணீரே ஏற்றது, கடற்கரையோரத்தில் பல போர் தண்ணீரே உப்புக் கரிக்கும்.

இன்றைய போனில் பேட்டரி பசை போட்டு ஒட்டியிருக்கிறது, உருவ முடியாது. அணைத்து, கவரைக் கழற்றி, சிம் தட்டை வெளியே எடுத்து, சார்ஜர் துளை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்ட வேண்டும். உதறினால் வாசலில் நின்ற தண்ணீர் உள்ளறைக்குப் போகும். ஊதுவதும் அப்படித்தான். தண்ணீர் புகாத வகை என்று தரச்சான்று பெற்ற போனாக இருந்தால் வெளிப்புறத்தையும் துளையையும் நல்ல தண்ணீர் சிறிது விட்டு உப்புப் போக அலசலாம், ஆப்பிள், சாம்சங் போன்ற நிறுவனங்களே சொல்லும் வழி அது. சான்று இல்லாத போன், பழைய போன், கடையில் திரை மாற்றிய போன் என்றால் வீட்டில் அலச வேண்டாம், அன்றைக்கே சர்வீஸ் கடைக்குக் கொண்டு போவது நல்லது. போன் சுடுகிறது, முதுகு உப்பியிருக்கிறது என்றால் அது பேட்டரிக் கோளாறு, அதைப் பைக்குள் வைக்காமல், தீப்பற்றக்கூடிய பொருள் எதுவும் அருகில் இல்லாத திறந்த இடத்தில் தனியே வைக்க வேண்டும்.

காயவைப்பதற்கு மின்விசிறிக் காற்று போதும். முடி உலர்த்தும் கருவியின் வெப்பம் உள்ளே இருக்கும் பசையை இளக்கிவிடும்.

அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை. அரிசி ஈரத்தை உறிஞ்சும் என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் சிதம்பரம் பக்கத்து விவசாயி யாரையும் கேட்டுப் பார்க்கலாம், நெல் எவ்வளவு ஈரம் வைத்திருக்கும் என்று. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி, மழை வருடங்களில் அதைத் தளர்த்தச் சொல்லி காவிரி டெல்டா முழுக்கக் கோரிக்கை எழும். அரவைக்குப் பிறகு மூட்டையில் இருக்கும் அரிசியிலும் பன்னிரண்டு, பதின்மூன்று சதவீதம் நீர் இருக்கிறது. சுற்றியுள்ள காற்றோடு அது ஏற்கெனவே சமநிலைக்கு வந்த பொருள். ஐப்பசி மாதத்து அரிசி டப்பா இன்னொன்றை உலர்த்தும் நிலையில் இல்லை. போதாக்குறைக்கு அதன் தூசும் குறுநொய்யும் துளைக்குள் போய் ஈரத்தோடு பசையாகின்றன. அரிசிப் பையில் போடாதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனம் தன் உதவிக் குறிப்பில் எழுதியே வைத்திருக்கிறது. மிக முக்கியமான குறை வேறு: அரிசி தண்ணீரை எடுத்தாலும் உப்பை எடுக்காது.

தண்ணீர் புகாத போனுக்கு இந்தக் கவலை எதற்கு என்று தோன்றலாம். தரச்சான்றில் ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம், ஐபி68 என்றால் நிறுவனம் சொல்கிற ஆழம், நேரம். இரண்டும் அசையாத நன்னீரில், புத்தம்புதுப் போனில் செய்த சோதனைகள். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் அலை அடிக்கும் வேகம் அந்தச் சோதனையில் இல்லை. விளிம்பில் இருக்கும் பசையும் ரப்பரும் வருடத்துக்கு வருடம் தளரும், கீழே விழுந்து சட்டம் லேசாக வளைந்தாலே இடைவெளி வரும். சிம் தட்டுப் பக்கத்தில் ஒரு குட்டி வெள்ளை ஒட்டுத்தாள் ஒளிந்திருக்கும், தண்ணீர் பட்டால் சிவக்கும். வாரன்டி கேட்டுப் போனால் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். பெரும்பாலான வாரன்டிகளில் நீர்ச்சேதம் சேராது.

விழாமலேயே அரிக்கும் போன்களும் இருக்கின்றன. கடற்காற்றில் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துளிகள் மிதந்து வருகின்றன. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இந்தியாவின் அரிமான வரைபடத்தைத் தயாரித்தது, மண்டபத்தில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வைத்து அரிப்பை அளந்தும் வருகிறது. கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்களின் சார்ஜர் முனை கறுப்பது, டிவி ரிமோட்டின் சுருள்கம்பி பச்சை பூப்பது எல்லாம் இந்தக் கணக்குத்தான். வாரம் ஒருமுறை சார்ஜர் துளையை வெளிச்சத்தில் பார்ப்பதும், போனை அணைத்துவிட்டு மென்மையான உலர்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிடுவதும் பலன் தரும். ஊக்கால் கிண்டுவது முனையை வளைத்துவிடும்.

துளையில் ஈரம் இருக்கிறது என்று போன் எச்சரித்துச் சார்ஜ் ஏற்ற மறுப்பது பலருக்கு எரிச்சல். அது போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் அறிவு. மணிக்கணக்கில் காயவிட்டும் எச்சரிக்கை போகாவிட்டால், உள்ளே காய்ந்த உப்புப் படலம் மின்சாரத்தைக் கடத்தி ஏமாற்றுகிறது என்று சந்தேகிக்கலாம். துளை நிச்சயம் சுத்தமாகவும் காய்ந்தும் இருக்கும்போது எச்சரிக்கை நீடித்தால் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். சாம்சங் போன்களில் செட்டிங்ஸுக்குள் ஆப்ஸ் பட்டியலில் சிஸ்டம் ஆப்களையும் காட்டச் செய்து, யுஎஸ்பி செட்டிங்ஸ் என்பதன் கேஷை அழித்தால் பலருக்குச் சரியாகிறது. ஈரம் திரையையும் குழப்பும். மழையில் திரை தானாக அழுந்துவதற்குக் காரணம் எளிது: திரை விரலை உணர்வது மின்னூட்டத்தால், தண்ணீர்த் துளியும் அதே மாற்றத்தை உண்டாக்குகிறது. மெல்லிய பாலித்தீன் உறை வழியாகவும் அந்த உணர்வு வேலை செய்யும், அதனால் போனை உறையோடு பயன்படுத்தலாம்.

மழையோடு புயலும் வரும், கடலூர் மாவட்டத்துக்கு அது புதிதில்லை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகள் சாய்ந்தன, ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் விழுந்து ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. 2024இல் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை நிரம்பித் தென்பெண்ணை கடலூருக்குள் புகுந்தது. இப்படிப்பட்ட நாட்களில் போன் பேட்டரி வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீருவதற்கு டவர் அணைந்ததே காரணம். சிக்னல் கிடைக்காத போன் விடாமல் தேடும், தூரத்து டவர் கிடைத்தால் முழுச் சக்தியோடு கூவும். ஏரோப்ளேன் மோடில் வைத்திருந்து மணிக்கு ஒருமுறை திறந்து பார்த்தால் ஒரு சார்ஜ் பல மடங்கு நேரம் தாங்கும். பேச முடியாத அளவு பலவீனமான சிக்னலிலும் எஸ்எம்எஸ் போய்ச் சேர வாய்ப்புண்டு.

திரும்பவும் அந்தப் பிச்சாவரத்துப் போனுக்கு வரலாம். சிதம்பரம் நகருக்குள் இன்று அரிதான தில்லை மரம், அது விழுந்த இந்த அலையாத்திக் காட்டில்தான் கூட்டமாக நிற்கிறது. வேண்டாத உப்பைப் பழுத்த இலைகளில் சேர்த்து உதிர்த்துவிடும் மரம் அது. போனிலிருந்து உப்பை உதிர்க்க ஒரு மனிதக் கை வேண்டும். நல்ல சர்வீஸ் கடைக்காரர் முதலில் பேட்டரி இணைப்பைப் பிரிப்பார். பிறகு போர்டின் மேல் இருக்கும் தகர மூடிகளை எடுத்துவிட்டு, வடிநீரிலும் 'ஐபிஏ' என்று கடையில் சொல்லும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலிலும் அலசி, பச்சையைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பார். கை புகாத இடத்துக்கு அல்ட்ராசோனிக் தொட்டி இருக்கிறது. உலர்ந்த பின் பேட்டரிக்குப் பதிலாக மேசையில் இருக்கும் பவர் சப்ளையை இணைத்து மீட்டரைப் பார்ப்பார். பவர் பட்டனைத் தொடும் முன்பே முள் எழுந்தால் எங்கோ ஷார்ட். அது எங்கே என்று கண்டுபிடிக்க, சூடான சால்டரிங் முனையில் ரோசினைப் புகைய வைத்து அந்தப் புகையைப் போர்டின் மேல் வெள்ளைப் படலமாகப் படியவிடுவார்கள். மின்சாரம் கொடுத்ததும் பழுதான பாகம் மட்டும் சுடும், அதன் தலையில் இருக்கும் வெள்ளை உருகிக் கண்ணாடியாகும். பெரும்பாலும் அது எள்ளைவிடச் சிறிய ஒரு கெப்பாசிட்டர். இடுக்கியால் அதை எடுத்துவிட்டு மறுபடி இணைத்தால், முள் பூஜ்யத்தில் நிற்கும்.