பார்சல் திருட்டுக்கான தண்டனையும் அதன் பொதுச் செலவும்

பார்சல் திருட்டு என்பது ஒருவருக்கு அனுப்பப்பட்ட பொருள் அவர் கைக்குச் சேரும் முன் வழியிலோ வாசலிலோ திருடப்படுவதாகும். இணைய வணிகம் பெருகிய பின் சில நாடுகளில் இதற்கான தண்டனை கடுமையாக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் டெக்சசு மாநிலம் 2019 இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, வண்டியிலிருந்து சரக்குத் திருடுவதற்கான தண்டனையை உயர்த்தியது. இவ்வாறு உயர்த்துவதால் பொதுப் பணத்தில் ஏற்படும் செலவு குறைவாகவே பேசப்படுகிறது.

சட்ட நிலை

முந்தைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 379 ஆம் பிரிவு சாதாரணத் திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை விதித்தது. புதிய சட்டத்தின் 303 ஆம் பிரிவும் முதல் குற்றத்துக்கு அதே அளவையே வைத்துள்ளது. ஆனால் சரக்கு அல்லது பயணிகள் வண்டியிலிருந்து பொருளைத் திருடுவது 305 ஆம் பிரிவின் கீழ் 7 ஆண்டு வரை தண்டிக்கப்படும். எடுத்துக்காட்டாக, கடலூர் மாவட்டம் மந்தாரக்குப்பத்தில் விநியோக வண்டியின் உள்ளிருந்து ஒரு பார்சலை எடுத்தவர் 7 ஆண்டுத் தண்டனைக்குரிய குற்றம் செய்தவர் ஆவார். அதே பார்சல் இறக்கப்பட்டுத் தெருவோரம் வைக்கப்பட்ட பின் எடுத்திருந்தால் உச்ச அளவு 3 ஆண்டே. மேலும், 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடி முதன்முறை தண்டிக்கப்படுபவர் அதனைத் திருப்பித் தந்தால் சமூக சேவை மட்டும் விதிக்கப்படும் என்னும் சலுகை 303 ஆம் பிரிவில்தான் எழுதப்பட்டுள்ளது.

செலவு எழும் இடம்

செலவு தீர்ப்புக்குப் பின்னரே தொடங்குகிறது என்று எண்ணுவது பொருந்தாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479 ஆம் பிரிவு, உச்சத் தண்டனைக் காலத்தில் பாதியைக் கழித்த விசாரணைக் கைதியைப் பிணையில் விடச் சொல்கிறது; முன்பு தண்டனை பெறாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். ஆகவே உச்ச அளவு 3 ஆண்டிலிருந்து 7 ஆண்டாகும்போது, முதல் குற்றவாளி இவ்விடுவிப்புக்குக் காத்திருக்கும் காலம் 1 ஆண்டிலிருந்து 2 ஆண்டு 4 மாதமாக நீள்கிறது. பல வழக்குகள் நிலுவையில் உள்ளவருக்கு இந்த விடுவிப்பும் இல்லை. பிணைத்தொகை கட்ட இயலாத ஏழையே பெரும்பாலும் இவ்வாறு காத்திருப்பவர்.

இக்காலத்தில் உணவு, மருத்துவம், காவல், நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்லும் காவலர், இலவச சட்ட உதவி ஆகிய அனைத்தும் பொதுப் பணம். அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலிலும் சிறை மாநிலப் பட்டியலிலும் உள்ளன. தண்டனையை உயர்த்துவது நாடாளுமன்றம். கடலூர் மத்திய சிறையை நடத்துவது தமிழ்நாடு அரசு.

முன்மதிப்பீடு

ஒரு சட்டம் நீதிமன்றங்கள் மீது சுமத்தும் பளுவை முன்னரே கணக்கிட வேண்டும் என்னும் கருத்து, சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005 இல் அளித்த தீர்ப்பில் இடம்பெற்றது. இதை ஆராய்ந்த நீதிபதி ஜெகன்னாத ராவ் தலைமையிலான குழு 2008 இல் அறிக்கை அளித்தது. எனினும் அது வழக்கமான நடைமுறையாகவில்லை. கணக்கிடாததன் விளைவுக்குக் காசோலைச் சட்டமே சான்று. காசோலை திரும்புதல் 1989 இல் குற்றமானது. அத்தகைய வழக்குகள் 38 இலட்சத்துக்கு மேல் தேங்கியிருப்பதாக சட்ட ஆணையத்தின் 213 ஆவது அறிக்கை 2008 இல் கூறியது.

தடுப்புப் பயன்

தண்டனையின் கடுமையைவிட அகப்படுவது உறுதி என்பதே குற்றத்தைத் தடுக்கும் என இத்தாலியரான பெக்காரியா 1764 இலேயே வாதிட்டார். பிற்கால ஆய்வுகளும் பெரும்பாலும் அவ்வாறே காண்கின்றன. பார்சலைப் பொறுத்தவரை ஓடிபி எண் கேட்டு நேரில் ஒப்படைத்தல், வண்டியைப் பூட்டிவைத்தல் போன்றவை திருடும் வாய்ப்பையே குறைக்கின்றன. தவிர, 7 ஆண்டு என்னும் உச்ச அளவு சிறு திருட்டுகளில் பெரும்பாலும் ஏட்டளவில்தான் நிற்கும்: 20,000 ரூபாய்க்கு மேற்படாத திருட்டு, 305 ஆம் பிரிவின் கீழ் வந்தாலும், சுருக்கமுறையில் விசாரிக்கத்தக்கது. அம்முறையில் 3 மாதத்துக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்க இயலாது.